செருகுபெட்டியில் ஒரு முளை

செவ்வாய்க் கிரகத்தின் தெற்குக் குகையில் பொழுது விடிந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே எல்லோரும் சுவரில் காது வைப்பார்கள். சுவருக்குள் சுவாசப்பொறி மூச்சு விடும் ஓசை சீராகக் கேட்டால்தான் மற்ற வேலை.

அன்று காலை சுவர் திக்கியது.

பழுது பார்க்கும் பிலோமினா அரமும் திருப்புளியுமாக ஓடிவந்தாள். பொறியின் துடிப்பு தடுமாறுகிறது. அதைக் கண்ணால் பார்த்தால்தான் திருத்த முடியும். போன கதிர்ப்புயலில் கணினிகளெல்லாம் கருகிப்போக, மிஞ்சியது யாரோ காட்சிக்கென்று பூமியிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய அலைகாட்டி. மின்துடிப்பைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. திரையும் மின்சாரமும் உள்ள தாய்ச்சட்டகம் நன்றாகத்தான் இருந்தது. அதன் வாயில் சொருகி, துடிப்பை வாங்கிப் பெருக்கும் செருகுபெட்டிதான் செத்துப்போயிருந்தது.

சேதி கேட்டு, வடக்குக் குகையிலிருந்து அமீருத்தீன் தங்கள் அலைகாட்டியின் பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு குகைக்கும் பேச்சு நின்று வெகுகாலம். யாரும் அவனை அனுப்பவில்லை. பிள்ளைகுட்டிகள் இருக்கும் இடமாயிற்றே என்று அவனாகவே வந்தான்.

பிலோமினா சொருகிப் பார்த்தாள். பெட்டி பாதிவரை போய் நின்றுவிட்டது. அதன் முதுகில், மின்சாரம் பாயும் ஊசி வரிசைக்கு நடுவே, ஓர் உலோக முளை துருத்திக்கொண்டு தடுத்தது.

"எங்களது வேற கம்பெனி, அக்கா. முளையை அராவிட்டா உள்ள போயிடும்."

"போயிடும்பா. போனதும் சட்டகம் புகைஞ்சா? எங்ககிட்ட இருக்கிற சட்டகம் இது ஒண்ணுதான்."

கதவோரம் நின்ற குகைத்தலைவர் சந்தானராசு, "தொடாதே பிலோமினா," என்றார். "காரணம் இல்லாமலா முளை வச்சிருப்பாங்க? ஏதோ ஆபத்துக்குத் தடுப்பு அது."

அவள் ஒவ்வோர் ஊசியாக அளந்து பார்த்தாள். முளையைத் தவிர இரண்டு பெட்டிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்குமோ?

பக்கத்து வகுப்பில் பிள்ளைகளின் பாட்டு நின்றுபோயிற்று. பாட மூச்சில்லை.

"ஆண்டவரே, கூடவே இரும்," என்று முணுமுணுத்து அரத்தை எடுத்தாள். அமீருத்தீன் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தான். முளை தூளாக உதிர்ந்தது. அதை ஊதிவிட அவன் குனிந்தான்.

"ஊதாதே தம்பி, மூச்சை மிச்சம் பிடி!"

தூரிகையால் துடைத்து, பெட்டியைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினாள். புகை வரவில்லை. திரையில் பச்சைக் கோடு நொண்டி நொண்டி எழுந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பொறியின் திருகைத் திருப்பினாள். கோடு சீரானது. சுவர் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"அப்போ முளையை எதுக்குத்தான் வச்சாங்க?" என்று சிரித்தான் அமீருத்தீன்.

"அதுதான் எனக்கும் புரியலப்பா." அவள் பெட்டியைக் கழற்றப் போனாள்.

"இங்கேயே இருக்கட்டும்க்கா. எங்க பொறி நல்லாத்தான் ஓடுது. வேணும்னா வந்து கேட்டுக்கறேன்."

வெறுங்கையோடு அவன் போனபின் தலைவர் அருகே வந்தார்.

"நல்ல காரியம் செஞ்சே. இனிமே நம்ம பட்டறையில செய்யிற பெட்டிக்கெல்லாம் வேற இடத்துல ஒரு முளை வச்சுடு."

"எதுக்குங்க? ஆபத்து ஒண்ணும் இல்லைன்னுதான் பார்த்தோமே."

"அதனாலதாம்மா சொல்றேன். நாளைக்கு வடக்குக்காரன் கேட்டு வந்தா, 'பொருந்தாதே'ன்னு சொல்ல நமக்கு ஏதாவது வேணாமா?"

அமீருத்தீன் கொடுத்துவிட்டுப் போன காற்றை நெஞ்சு நிறைய இழுத்து விட்டபடிதான் அவர் அதைச் சொன்னார்.