ஒரே இன்ஜின்

"உங்க எருமையைக் கொஞ்சம் ஓரமா நிறுத்தக் கூடாதா?"

டீச்சருக்குச் சுரீரென்றது. பழைய கார்க் கண்காட்சிக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இப்படியொரு வம்பா? பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதில் சாய்ந்து நின்றவன் பல் டாக்டராம். சிரிப்பைப் பார்... கண்ணைப் பார்... சே, அதை ஏன் பார்க்க வேண்டும்!

"எருமையா? எங்க குடும்பமே இந்தக் கார்லதான் வளர்ந்துச்சு. உங்க தீப்பெட்டில ரெண்டு பேருக்கு மேல ஏற முடியுமா?"

"இது ரேஸ் குதிரைங்க!"

"அப்ப கொள்ளு போடுங்க. எங்க வழிக்கு வராதீங்க!"

வீட்டில் அடைந்து கிடக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வந்திருந்த நிறைமாத அக்கா, பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானம் கொட்டியது மழை. எல்லாரும் கிளம்பிவிட, மைதானத்தில் மிஞ்சியவை அந்த இரண்டு கார்கள்தான்.

"அடியே... வலி எடுத்துடுச்சுடி!"

பதறிப்போய்ச் சாவியைத் திருகினாள். இன்ஜின் இருமக்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. காரை நிறுத்தியதும், திருட்டுக்குப் பயந்து இன்ஜினிலிருந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது, கூட வந்திருந்த அப்பாவின் வழக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுதான், ஆனால் அது இல்லாமல் வண்டி நகராது. அப்பாவோ அந்த நினைப்பே இல்லாமல் நண்பரின் காரில் வீட்டுக்குப் போய்விட்டார்! கூப்பிட்ட ஆம்புலன்ஸும் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டது.

அவனிடமா போய் நிற்பது? அக்கா முனகினாள். மானமாவது, ரோஷமாவது... ஓடினாள்.

"அக்காவுக்கு வலி... அப்பா ரோட்டரோட போயிட்டார்..."

அவன் உடனே தன் காரின் பானெட்டைத் திறந்து, பல்லைப் பிடுங்கும் லாவகத்தோடு ரோட்டரை எடுத்தான்.

"எங்க காருக்குச் சேருமா?"

"ரெண்டுலயும் ஒரே இன்ஜின்தாங்க. காலைல ஒத்துக்கக் கௌரவம் இடம் குடுக்கல..."

அவன் அதை மாட்டியதும் டீச்சரின் செடான் கார் உறுமியது.

"நீங்க எப்படிப் போவீங்க?"

"அதை அப்புறம் பார்ப்போம், மொதல்ல கிளம்புங்க!"

"தாயும் பொண்ணும் நல்லா இருக்காங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் டீச்சருக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா தன் ரோட்டரை மாட்டித் தர, மைதானத்துக்குப் பறந்தாள்.

அவன் தொப்பலாக நனைந்து காருக்குள் உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் சுகம்!"

"அப்பாடா!" ஸ்டீரிங்கில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தாங்க உங்க ரோட்டர். கூப்பிட ஆளில்லாம தவிச்சுட்டீங்களா?"

"ஆள் வந்தான்... என் நண்பன். கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்னான். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஏன்?"

"கார் இங்க இருந்தாத்தானே நீங்க இங்க வருவீங்க..." அவன் நிமிர்ந்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க."

மழை விட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ரோட்டரை அப்பாதான் கொண்டுவந்து குடுக்கறேன்னார்... நான்தான் அவர் கையிலேர்ந்து பிடுங்கிட்டு ஓடி வந்தேன்."