பெயர் இல்லாமல் நகராது

எண்பத்தெட்டாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் போயிருந்தார்கள். தோல் உருட்டும் டிரம்கள் நின்றுபோன ஆம்பூர் டேனரியில் கழிவு இறைக்கும் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருக்க, சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்தது போன்ற நாற்றம் ஜன்னல் கம்பி வழியே ஆபீசுக்குள் புகுந்து சாவித்திரியின் நாக்கில் கசந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனவள் நிமிர்ந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அவள் திறக்காத படிவம் ஒன்று இருந்தது.

பெயர்: பரந்தாமன். வேலையை விட்டு நின்ற தேதி: இன்று. காரணம்: மரணம். சேவ் செய்யட்டுமா?

பரந்தாமன் அவள் புருஷன். டிரம் ஓடாத நேரத்தில்தான் கழிவுத் தொட்டியைக் கழுவ முடியும் என்பதால் கூட்டாளி கன்னியப்பனோடு அதில் இறங்கியிருந்தான். "முட்ச்சிட்டு வர்றேன், சேந்து சாப்டலாம்" என்று இப்போதுதான் ஜன்னலில் சொல்லிவிட்டுப் போனான்.

எந்தப் பாவி செய்த விளையாட்டு இது? ஆத்திரத்தோடு 'இல்லை' என்று தட்டினாள். படிவம் போகவில்லை. பெயரை அழித்தாள். பீப். பெயர் இல்லாமல் வெளியேற முடியாது.

அது அவளே கேட்டு வாங்கிய கட்டுப்பாடு. அரைகுறையாய் அடித்ததெல்லாம் சேவ் ஆகி ஆட்களின் வருகைக் கணக்கு நாறிப்போனதால், புரோகிராம் எழுதிய ரஷீத் அஹமதை, "பேர் இல்லாம நகரவே கூடாது சார்" என்று அவள்தான் நச்சரித்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். தொட்டி விளிம்பில், ஏணியின் மேல்படியைப் பிடித்தபடி பரந்தாமன் தலை தொங்கிக் கிடந்தான்.

"இன்னாங்க!"

மோட்டார் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. திரையில் யாரும் தொடாமலே அவன் பெயர் எழுத்தெழுத்தாய்த் திரும்பி வந்தது. ஏணியில் அவன் கை நழுவியது.

அழித்தாள். அவன் கை மறுபடி இறுகியது.

பீப். பெயர் வேண்டும்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்காது. கன்னியப்பன் என்று அடித்தாள். 'ஆமாம்' தட்டினாள். சேவ் ஆனது.

பரந்தாமன் இருமிக்கொண்டே வெளியே புரண்டு விழுந்தான். எழுந்து உட்கார்ந்தான். உயிரோடு இருந்தான். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. கூடவே தன்மேல் அருவருப்பும் வந்தது.

அவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"டேய் கன்னியப்பா! இன்னா ஆச்சுடா?"

துண்டை மூக்கில் கட்டினான்.

"வாணாங்க! எறங்காதீங்க! அவரு செத்துட்டாரு!"

இந்தமுறை அவனுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தான்.

"இல்ல மே! கை ஆட்டிக் கூப்புட்றான்!"

இறங்கினான். தோள் மறைந்தது. தலை மறைந்தது.

அவளுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது.

திரும்பினாள். நாற்காலி காலி. பொத்தான்கள் ஒவ்வொன்றாய் அமுங்க, திரையில் பரந்தாமன் பெயர் மறுபடி வந்துகொண்டிருந்தது. நிதானமாக. தப்பில்லாமல். அவள் அடிக்கும் அதே வேகத்தில்.