பத்துக்கு எவ்வளவு

மதியம் ஒன்றேகாலுக்குக் கணவன் சிவக்குமார் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான். தமயந்தி பின்கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது துளைக்குள் போய் இடித்து நின்றது. பக்கத்து வீட்டில் சத்தம் வரவில்லை.

இந்த வாரம் முழுக்கவே வரவில்லை. அது காலி வீடு. வராமலிருப்பதுதான் முறை. இருந்தும் அவள் கையை எடுக்காமல் நின்றாள்.

நெய்வேலியின் பழைய குவார்ட்டர்ஸ் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். நடுவில் ஒரே சுவர். சுவரின் இந்தப் பக்கம் சமையலறை என்றால் அந்தப் பக்கமும் சமையலறை. இங்கே பின்கதவு என்றால் அங்கேயும் பின்கதவு. பக்கத்து வீட்டிலிருந்தவர் ஓய்வுபெற்றுக் காலி செய்த பிறகு அதை யாருக்கும் ஒதுக்கவில்லை. முன்கதவில் டவுன்ஷிப் ஆபீஸ் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் இவள் தாழ்ப்பாள் போட்டபோது அங்கேயும் ஒன்று விழுந்தது. எதிரொலி என்று நினைத்தாள். மறுநாள் சற்றுத் தாமதமாக விழுந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் தாமதமாக. எதிரொலி யோசிக்காது. இது யோசித்தது.

சில நாள் வராது. அப்போது இவள் திறந்து மறுபடி போடுவாள். வரும்வரை போடுவாள். அங்கே விழுந்த பிறகுதான் இவளுக்கு மூச்சு சீராகும். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே விழ வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் மகள் அபி பள்ளி வேனிலிருந்து இறங்கித் தெருமுனையிலேயே நின்றாள். நாலு வயதுக் குழந்தை. கூட்டிவர யாரும் போகவில்லை. வாட்டர் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதவளை எதிர்வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டபோது, தமயந்தி தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சிவக்குமார் கத்தவில்லை. மறுநாள் மகளைக் கரூரில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான்.

"நீ சரியானதும் கூட்டிட்டு வந்திடலாம்" என்றான்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போக அவன் சம்மதிக்கவில்லை. "டோக்கன் வாங்கற எடத்துலயே தெரிஞ்சவன் ஒருத்தன் நிப்பான். சாயங்காலத்துக்குள்ள பிளாக் பூரா பேசுவாங்க. போன்லயே பாக்கலாம். மெட்ராஸ்ல ஒருத்தங்க இருக்காங்க."

சென்னையிலிருந்த அருள்மொழிக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். சிவக்குமார் அவளுடைய பதிவு எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்து, சரிதான் என்று சொல்லியிருந்தான்.

"நான் மருந்து எழுதறவ இல்ல தமயந்தி. லைசென்ஸ் உள்ள சைக்காலஜிஸ்ட். பேசுவோம், கொஞ்சம் கொஞ்சமாப் பழகுவோம்."

"அது பேய்னு நெனைக்கறீங்களா மேடம்?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"எனக்கு அத நெனைக்கவே பிடிக்கல."

அருள்மொழி சிரித்தாள். தமயந்திக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

அருள்மொழி குறுக்கே பேசமாட்டாள். எதையும் பொய் என்று சொல்லமாட்டாள். "தாழ்ப்பாள் ஒரு தடவைதான். அந்தப் பக்கம் சத்தம் வருதான்னு காத்திருக்கக் கூடாது. பயம் ஏறும். ஏறட்டும். பத்துக்கு எவ்வளவுன்னு எங்கிட்ட சொல்லுங்க. எதுவும் செய்யாம இருந்தீங்கன்னா தானா இறங்கிடும்."

இறங்கத்தான் செய்தது. ஒன்பதில் இருந்தது ஏழானது. ஏழு நாலானது. பேசும்போது தமயந்தி திரையின் மூலையில் தெரியும் தன் சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அருள்மொழி கண்டுபிடித்தாள். "அதுல முதுகுக்குப் பின்னால பாக்கறீங்க, இல்ல? அதுவும் சரிபாக்கறதுதான்." தமயந்தி அபியின் யானை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்த மூலையில் ஒட்டினாள்.

காத்திருப்பதை நிறுத்திய பிறகு பக்கத்து வீட்டுச் சத்தமும் குறைந்தது. பிறகு நின்றுபோனது. "பாத்தீங்களா" என்றாள் அருள்மொழி.

ஞாயிற்றுக்கிழமை அபி வருவதாக ஏற்பாடு. பரணிலிருந்து அவளுடைய சின்னச் சிவப்பு நாற்காலியை இறக்கிக் கழுவி, பின்கதவை ஒட்டி உள்பக்கம் காய வைத்திருந்தாள் தமயந்தி. அதற்கு முன் ஒரே ஒரு பயிற்சி பாக்கி இருந்தது. பின்கதவைத் தாழில்லாமல் ஒருக்களித்து விட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முடித்ததும் அருள்மொழியே சிவக்குமாரிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த நாள் இன்று.

காலையில் பாத்திரம் தேய்க்க மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் ஆதிலட்சுமி குழாயடியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "யம்மா, பக்கத்து வூட்டுப் பின்கதவு தெறந்துக்கினு கெடக்குது. ஆபீஸ்ல சொல்லி வையி. நாயி பூந்து குட்டி போட்டுச்சின்னா அப்பறம் நீதான் தாலாட்டு பாடணும்."

"எப்பலேருந்து?"

"நேத்து இம்மாந்தூண்டு தெறந்திருந்திச்சி. இன்னிக்கி ஒரு ஆளு பூரலாம்." சோப்பு நுரைக் கையால் அளவு காட்டினாள்.

"காத்துல தெறந்திருக்கும்."

"காத்தா? மாமரத்துல ஒரு எல ஆடல. ஏம்மா, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போவுது? நாயின்னா அம்மாம் பயமா?"

சிவக்குமார் சேஃப்டி ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது தமயந்தி அதைச் சொன்னாள். அவன் நிமிரவில்லை.

"அந்தம்மாகிட்டயும் ஆரம்பிச்சிட்டியா?"

"நான் கேக்கலைங்க. அவங்களா சொன்னாங்க. நீங்க ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போங்களேன்."

"நான் பாத்தேன்னா அதுவும் தப்பு தமயந்தி. ஒனக்காக யாரும் சரிபாக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க, இல்லியா?" எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்தான். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து போன்ல அபி, அம்மாவுக்கு நல்லாயிடுச்சான்னு கேட்டா. ஆயிடுச்சின்னு சொல்லிட்டேன். என்னப் பொய்க்காரனாக்கிடாத."

மூன்று மணிக்கு போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். திரையில் அருள்மொழி கண்ணாடியைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுக் கதவைப் பற்றி தமயந்தி அவளிடமும் சொன்னாள்.

"கதவு தெறந்திருக்கறது நெஜமாவே இருக்கலாம். நான் மறுக்கல" என்றாள் அருள்மொழி. "பழைய கதவு. அதப் பூட்ட வேண்டியது ஆபீஸ்காரங்க. நீங்க இல்ல. இன்னிக்கு வேணாம்னா நிறுத்திக்கலாம். ஒங்க விருப்பம்தான்."

தமயந்தி யானை ஸ்டிக்கரைப் பார்த்தாள். "செய்றேன் மேடம்."

எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். இரும்பு இரும்பில் உரசி விடுபட்டது. அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே திறந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வரும்வரை இங்கே போட்டதால்தான் அங்கே விழுந்திருக்கிறது. இத்தனை மாதமும் அவள் இரண்டு வீட்டையும் பூட்டிக்கொண்டிருந்தாள்.

வந்து உட்கார்ந்தாள். "மேடம், நான் போட்டாத்தான் அங்கயும் பூட்டிக்குது. நான் விட்டதாலதான்…"

"தமயந்தி. இந்த நெனைப்புதான். இதுக்காகத்தான் உக்காந்திருக்கோம். இப்ப எவ்வளவு?"

"எட்டு."

"சரி. இருங்க. நான் கூடவே இருக்கேன்."

தெர்மல் மின்நிலையத்தின் ஓயாத இரைச்சல் தொலைவிலிருந்து வந்து சுவரில் படிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பழகிப்போன ஒலியாகக் காதுக்குள் கிடந்தது. அதற்கு மேலே, கொல்லைக் குழாயடியில் சரியாக மூடாத குழாயிலிருந்து அலுமினியக் குண்டானில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஈர நிலக்கரியின் புளித்த வாசனையோடு, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோன்ற சுண்ணாம்பு நெடி ஒன்று கதவிடுக்கு வழியாக வந்து கழுத்தின் பின்புறத்தில் பட்டது.

சருகு நொறுங்கியது. மாமரத்துச் சருகு. ஒருமுறை. பிறகு, நாய் நடப்பதைப்போல் அல்லாமல், நிதானித்து, இன்னொருமுறை.

"எவ்வளவு?"

"ஒம்பது மேடம். யாரோ நடக்கறாங்க."

"சத்தம் கேக்குது. அது என்னன்னு பாக்கத் தோணுது. பாக்க வேணாம். என்னப் பாருங்க."

திரும்பினால் பயிற்சி முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வெயிலில் நின்ற குழந்தைக்கு மறுபடி அம்மா இல்லாமல் போய்விடுவாள். தமயந்தி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

குண்டானில் சொட்டு விழும் சத்தம் மாறியது. அலுமினியத்தில் விழவில்லை. மெத்தென்று எதன் மேலோ விழுந்தது. நாலைந்து சொட்டு. பிறகு மறுபடி அலுமினியம்.

அங்கே நின்றது நகர்ந்துவிட்டது.

கதவின் கீல் முனகியது. முதுகு குளிர்ந்தது. மேசையில் விழுந்திருந்த மதிய வெளிச்சம் சுருங்கியது.

"அங்க மேகம் போட்டிருக்கா?" என்றாள் அருள்மொழி. "ஒங்க முகம் சரியாத் தெரியல."

தமயந்தி வாயைத் திறந்தாள்.

"பேச வேணாம். மூச்ச மட்டும் விடுங்க. நல்லாப் பண்றீங்க."

ஈரக்கால். சிமெண்டுத் தரையில். ஒன்று. இன்னொன்று.

நின்றது.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. மெதுவாக. தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

தாழ்ப்பாள் விழுந்தது. இங்கே. உள்பக்கம்.

சற்றுத் தாமதமாக, சுவருக்கு அப்பால், காலி வீட்டிலும் ஒன்று விழுந்தது.

அபியின் சின்ன நாற்காலி தரையில் இழுபட்டது. அவள் முதுகை நோக்கி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பிளாஸ்டிக் கால்கள் கனம் தாங்காமல் விரிந்து முறுமுறுத்தன. பிறகு அமைதியானது. யானை ஸ்டிக்கரின் காதுக்கு வெளியே, திரையின் ஓரத்தில், கருப்பாக ஏதோ நிமிர்ந்தது.

அருள்மொழி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏதோ சத்தம் எனக்கும் கேட்டுச்சு. ஆனா நீங்க திரும்பல. அசையவே இல்ல. அதுதான் தமயந்தி, அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க, பத்துக்கு எவ்வளவு?"