பீவி வீட்டு மங்கு

“கரண்டியைக் கீழ வை, ரோசம்மா! இன்னிக்கு நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது!”

செருப்பைக் கழற்றிய கையோடு பிலோமினா சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். பிறை ஊரிலிருந்து கடற்பாலம் தாண்டி, விடிந்தும் விடியாததுமாக ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு அவள் வந்ததே இதற்காகத்தான். தம்பி பாக்கியசாமிக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கோப். பின்வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன நடந்தது என்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பாக்கியசாமி போட்ட கூச்சல் அப்படி!

“சுடுதண்ணிதான் வைக்கிறேன், அண்ணி...”

“போன தடவையும் தண்ணிதான் குடுத்தேன்னு சொன்னே! என் தம்பி குடல்ல பருப்பும் தழையும் கெடந்துச்சுன்னு டாக்டரே சொன்னாங்களே, அது எப்படிலா உள்ள போச்சு? பறந்து போச்சா?”

ரோசம்மா கரண்டியை வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சொல் எடுபட்ட ஒரே இடம் அந்தச் சமையலறைதான். இன்று அதுவும் கையை விட்டுப் போயிற்று.

இத்தனைக்கும் கணவன் மலத்தில் ரத்தம் போவதைக் கண்டுபிடித்து, “மூலம்தான், தானாப் போயிரும்” என்று சாக்குச் சொன்னவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான். சோதனைக்கு முந்திய நாள் தண்ணீர் ஆகாரம் மட்டும், சிவப்பு நிறத்தில் எதுவும் ஆகாது, உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும் என்று நர்ஸ் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நிறமே இல்லாத ஜெல்லி காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். இன்னொன்றும் செய்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் பட்டினி கிடக்கும்போது தனக்கு மட்டும் சோறு எதற்கு என்று அவளும் அன்று வெறும் தண்ணீரோடு கிடந்தாள்.

அப்படியும் குடல் சுத்தமாகவில்லை. குழாய் பாதிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. “தொறமொகத்துல மூட்டை தூக்கின ஒடம்பு! எனக்கு எதுக்கு மயக்க ஊசி?” என்று வீராப்புப் பேசியிருந்ததால் வலி மொத்தத்தையும் முழு நினைவோடு அனுபவித்தார் பாக்கியசாமி. டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். வெளியே வந்தவர் வெளிறிய முகத்தோடு சொன்ன முதல் வார்த்தை, “இவதான் என்னமோ கலந்து குடுத்துட்டா...”

அதைக்கூட ரோசம்மா தாங்கிக்கொண்டாள். மகன் பேட்ரிக் காடி ஓட்டிக்கொண்டே, “நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கம்மா, மறந்தாப்புல ஏதாச்சும் போட்டுட்டீங்களா?” என்று கேட்டானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையே சந்தேகப்பட்டால் யாரிடம் போய் அழுவது?

இப்போது கூடத்து நாற்காலியில் பாக்கியசாமி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் வரமாட்டேன்லா! அந்த வலி உங்க யாருக்குத் தெரியும்?”

ரத்தம் இன்னும் நிற்கவில்லை. அது ரோசம்மாவுக்குத் தெரியும். கழிவறையைக் கழுவுகிறவள் அவள்தானே. இந்தத் தடவை அவர் போகாமல் அடம்பிடித்துவிட்டால்... அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பிலோமினா குளிக்கப் போன நேரம், வாசலில் நோன்புக் கஞ்சி வாசம் வந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டு ஹபீபா பீவியும் வந்தாள், கையில் மூடி போட்ட மங்குக் கிண்ணத்தோடு. நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி கொடுத்தனுப்புவது அவள் வழக்கம். இந்த வருஷம் ரோசம்மா வீட்டின் தவக்காலமும் அதோடு சேர்ந்தே வந்திருந்தது. ஈஸ்டர் வரைக்கும் இங்கே இறைச்சி கிடையாது.

“அக்கா, அண்ணனுக்கு மறுபடியும் ஸ்கோப்பாமே? இன்னிக்குக் கஞ்சி கொண்டாரலாமா வேணாமான்னு ஒரே யோசனை... போன ஸ்கோப்புக்கு மொத நாள் நீங்க பாசார் போயிருந்தீங்க, அண்ணன்தான் வாங்கிக்கிட்டாங்க. ஆமா, அன்னிக்கு மங்குல ஜெல்லி வெச்சுக் குடுத்தீங்களே, எப்படிக்கா காய்ச்சினீங்க? கண்ணாடியாட்டம்! எம் பிள்ளைங்க சண்டை போட்டுத் தின்னுதுங்க!”

ரோசம்மா யாருக்கும் ஜெல்லி கொடுக்கவில்லையே!

அந்த மாடியில் ஒரு வீட்டு மங்கு இன்னொரு வீட்டிலிருந்து வெறுமனே திரும்பாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு பழமாவது உள்ளே இருக்கும். நெருக்கடியிலும் பாக்கியசாமி அந்த வழக்கத்தை மீறவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, வெறும் மங்கைக் கொடுக்கக் கூச்சப்பட்டு, கைக்கு எட்டிய ஜெல்லியை அதில் கவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். காலியான ஜெல்லிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, ‘மனுஷன் சொன்னபடி கேட்டுச் சாப்பிட்டாரே’ என்று அன்று அவள் பூரித்துப் போனதை நினைத்தால்... திருட்டுத்தனத்திலும் என்ன மரியாதை!

“நாளைக்குக் கொண்டாங்க பீவி. நாளைக்கு எல்லாரும் சாப்பிடுவோம்” என்று அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினாள். பாக்கியசாமி நாற்காலியில் சுருண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி குடிச்சீங்களா?”

“...தண்ணி ஆகாரம்னுதானே நர்ஸ் சொன்னாங்க, ரோசு? கஞ்சியும் தண்ணியாத்தானே இருந்துச்சு...”

“ஆட்டெறைச்சி தண்ணியாங்க?”

“ரெண்டே ரெண்டு துண்டுலா... தவக்காலத்துல நாக்கு செத்துப் போச்சு...”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிற்று. “நீங்க கஞ்சி குடிச்ச அன்னிக்கு நான் உங்களுக்காகப் பச்சைத் தண்ணியோட கெடந்தேங்க! ஒரு பருக்கை சோறு தொடல! உங்க அக்கா என்னைக் கேக்காத கேள்வி இல்ல... பேட்ரிக்கூட என்னை ஒரு மாதிரிப் பாத்தான்... வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ரோசம்மா அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இந்த வயசுல அக்கா முன்னால நீங்க தலை குனிய வேணாம். ஆனா நாளைக்கு வரணும், ஊசி போட்டுக்கணும். எனக்கு அது போதும்.”

அன்று குடலைச் சுத்தமாக்கும் மருந்துத் தண்ணீரை அவர் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் குடித்தார். கழிவறைக்கும் நாற்காலிக்கும் ஓடி ஓடிக் களைத்தார். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

“பாத்தியா? நான் நின்னு பாத்துக்கிட்டா எப்படிச் சுத்தமாகுது!” என்று பிலோமினா பெருமையடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நர்ஸ் ஆயிஷா பாக்கியசாமியிடம் மலாயில் கேட்டாள், நேற்று ஏதாவது சாப்பிட்டாரா என்று. தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“தாடா மிஸ்ஸி, தாடா! ஒண்ணும் சாப்பிடல! இந்த வாட்டி நான் பாத்துக்கிட்டேன். போன வாட்டி இவன் பொண்டாட்டிதான் கண்டதையும் குடுத்து...”

“அக்கா!”

ஆஸ்பத்திரி உடுப்பில், பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாக்கியசாமி எழுந்து நின்றார்.

“இவ ஒண்ணும் குடுக்கல. பீவி வீட்டுக் கஞ்சியைத் திருட்டுத்தனமா வாங்கிக் குடிச்சது நான். பழியைத் தூக்கி இவ மேல போட்டதும் நான்தான். நேத்தே இவளுக்குத் தெரியும். என் மானம் போயிரக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டிருக்கா!”

பேட்ரிக், “அம்மா...” என்று ரோசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “மன்னிச்சிருங்கம்மா... நான் கேட்டிருக்கக் கூடாது.” இத்தனை நாளும் குனிந்திருந்த ரோசம்மாவின் தலை நிமிர்ந்துவிட்டது.

இந்தத் தடவை ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டும், குழாய் வளைவில் திரும்பும்போது வலித்ததாம். “மூச்சை இழுத்து விடுங்க பாக்சிக்” என்று மாமா முறை வைத்துச் சொல்லி ஆயிஷா தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். கத்தவில்லை. கூச்சல் கேட்குமோ என்று வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ரோசம்மாவுக்கு அந்த அமைதியே பெரிய ஆறுதலாக இருந்தது.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது மனிதர் அரை மயக்கத்தில் இருந்தார். “கஞ்சி குடிச்சது நான்தான்...” என்று கட்டில் தள்ளுகிறவரிடம் சொன்னார். அடுத்த கட்டில் சீனப் பெரியவரிடமும் சொன்னார். அவர் ஒன்றும் புரியாமல் கட்டை விரலை உயர்த்திக் காட்ட, வார்டே சிரித்தது. சிறு கட்டி ஒன்று இருந்தது, எடுத்தாயிற்று, ரத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது, பார்வைக்குப் பயப்படும்படி இல்லை, எதற்கும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், இப்போதே வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

பிலோமினா மெல்ல அருகே வந்தாள். “என்னை ரெண்டு வார்த்தை திட்டிரு, ரோசம்மா... அப்பத்தான் என் மனசு ஆறும்.”

“திட்டத் தெம்பு இல்ல அண்ணி... நேத்திலேர்ந்து நானும் சாப்பிடல...”

“என்னடி சொல்றே? நீயும் பட்டினியா? போன வாட்டியுமா?” நாத்தனார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “பாவி நான்! சாப்பிடாம கெடந்தவளையா என்ன குடுத்தே, என்ன குடுத்தேன்னு கேட்டேன்!”

அன்று சாயங்காலம் பீவியின் மங்கு வந்தது. ஞாபகமாக இறைச்சி போடாமல் தனியாக எடுத்து வைத்திருந்தாள். பிலோமினா கரண்டியை எடுத்து ரோசம்மாவின் கையில் கொடுத்தாள். பாக்கியசாமி அதைத் தன் கைக்கு வாங்கி, முதல் கிண்ணத்தை ஊற்றி, மனைவி முன்னால் வைத்தார்.

“நீ மொதல்ல சாப்பிடு, ரோசு.”

கண்ணீரும் கஞ்சியுமாக அவள் குடித்து முடித்தாள். மங்கு காலியானது. வழக்கம்போல அவள் எழப் போக, “உக்காரு” என்று தடுத்துவிட்டுச் சமையலறையில் அடுப்பு மூட்டப் போனார் பாக்கியசாமி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

“ரோசு, பீவி மங்குல ஜெல்லி வெச்சுக் குடுக்கணும், சிவப்புச் சிரப் எங்க இருக்கு? இப்பச் சிவப்பு போடலாம்தானே?”

“போடலாம், போடலாம்! மேல் தட்டுல பாருங்க. சீனியை அள்ளிக் கொட்டிராதீங்க!” நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சத்தமாக உத்தரவு போட்டாள் ரோசம்மா.