பிள்ளை முடியில் கட்டிய எலி

உசிலம்பட்டிச் சாலையில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளக்காட்டு வரப்பில் இரண்டு மைல் நடந்து, சோணையின் வீட்டு வாசலுக்கு லாசர் வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. தோளில் துணி சுற்றிய நீளக் கம்பு. கையில் ஒரு தகர டப்பா. புரட்டாசி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“என்னண்ணே, இம்புட்டு நீளத்துக்கு? மீனு புடிக்க வந்தீகளா, கொடி ஏத்த வந்தீகளா?” என்று சிரித்தான் சோணை.

இருவருக்கும் மதுரையில் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. சோணை தோட்டக்காரன், கடலை பிடுங்குவதற்காக ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தான். லாசர் சயின்ஸ் லேப் அட்டெண்டர். செத்த அணிலையும் கீரியையும் பஞ்சடைத்து, இப்போதுதான் ஓடப்போகிறது என்று நினைக்கும்படி நிறுத்தி வைக்கும் கைக்காரன்.

அந்தத் தூண்டில் கம்பு, நான்கு வருஷத்துக்கு முன் சீமைக்குத் திரும்பிய பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரச் சாமியார் கொடுத்துவிட்டுப் போனது. மே மாத லீவில் அவர் மூணாறு பக்கம் ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார். பெட்டி தூக்க லாசரும் போவான். புழு கோக்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. இறகையும் முடியையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்வார். பெரிய மீனுக்கென்று மான்முடியில் கட்டிய ஒரு எலியும் வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் அதை ஓடையின் குறுக்கே நீந்தவிடுவார். மீன் பாய்ந்து கவ்வும்.

மலைமீனுக்கு ஆகிற எலி கண்மாய் விராலுக்கு ஆகாதா? விரால்தான் தவளை, எலி, கோழிக்குஞ்சு எதையும் விடாதே. இதுதான் லாசரின் யோசனை.

ஆனால் அவன் வந்தது பொழுதுபோக்குக்கு இல்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த மகன் சூசைக்கு அன்றோடு ஐம்பத்திரண்டு நாள். பாக்கியத்துக்குப் பால் சுரக்கவில்லை. டப்பாப் பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. பசும்பால் கொடுத்தால் கக்கினான். பிறந்தபோது இருந்த எடைகூட இப்போது இல்லை. அழவும் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகினான். “விரால் மீன் கிடைச்சா சாறு வச்சுக் குடு. சிலருக்குச் சுரக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள் இப்படியே விட்டா, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்று நர்ஸம்மா கைவிரித்துவிட்டாள். மார்க்கெட்டில் மூன்று நாளாக விரால் வரவில்லை.

“வெரா கெடக்குண்ணே. குஞ்சு பொரிச்சுட்டு மேலயே நிக்கிது” என்றான் சோணை. “ஆனா இப்பப் போகாதீக. வெயில் சாயட்டும், மூணு மணிக்கு நானும் வாரேன்.”

“ஏன் மாப்ள, இப்பப் போனா என்ன?”

“உச்சி வெயில்ல அந்தக் கரைக்கு ஆடுகூட எறங்காது. வேற ஒண்ணுமில்ல.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று மணி வரை காத்திருந்தால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அப்புறம் எப்போது குழம்பு, எப்போது பால்? சோணை கடலைக்காட்டுக்குப் போனதும் லாசர் கண்மாய்க்கு நடந்துவிட்டான்.

கரையில் ஏறியபோது சூரியன் நடு உச்சியில் நின்றது. நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கருவேல மரங்களில் ஒரு இலை அசையவில்லை. காக்கை இல்லை, தவளை இல்லை. வெந்த பாசி வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

டப்பாவைத் திறந்து எலியை எடுத்தான். சாமியாரின் எலியை அந்துப்பூச்சி அரித்துவிட்டதால், முந்தின நாள் ராத்திரி அவனே கட்டிய புது எலி. உடம்புக்கு லேப் பாட்டிலின் கார்க். மூக்கில் நூல் கட்ட ஒரு கம்பி வளையம், அடியில் தூண்டில் முள். வாலுக்கு சைக்கிள் வால்வ் டியூப். முடிக்குத்தான் திண்டாடிப்போனான். தேங்காய் நார் விறைத்தது. அணில் முடி நனைந்து முழுகியது. கடைசியில் கண்ணில் பட்டது அலமாரியில் இருந்த வெள்ளைத் துணி முடிச்சு.

சூசையின் தலையில் சிரங்கு வந்தபோது வெட்டிய பிள்ளை முடி அது. வேளாங்கண்ணியில் காணிக்கை போடுவதாக நேர்ந்து, பாக்கியம் முடிந்து வைத்திருந்தாள். எண்ணெய் ஊறிய முடி. பட்டு மாதிரி மெத்தென்று இருந்தது, தண்ணீரும் ஒட்டாது. ஒரே ஒரு கொத்து எடுத்தால் மாதா கோபித்துக்கொள்ளவா போகிறாள்? அவள் கொடுத்த பிள்ளை பிழைக்கத்தானே இதுவும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு எடுத்துவிட்டான். எலியை முகர்ந்தால் இப்போதும் வசம்பு மணத்தது.

தாமரை இலைகளுக்கு அப்பால் குங்குமச் சிவப்பில் விரால் குஞ்சுகள் திரண்டு கொப்பளித்துக்கொண்டிருந்தன. கீழே தாய் நிற்கும். குஞ்சுக்கு மேலே எது போனாலும் பசி இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் அடிக்கும். லாசர் கம்பை இரண்டு முறை வீசி நூலை நீட்டினான். எலி பொத்தென்று குஞ்சுகளுக்கு அப்பால் விழுந்தது.

இழுத்தான். நிறுத்தினான். இழுத்தான்.

எலி குஞ்சுக் கூட்டத்தின் மேல் நீந்தியது. அடுத்த நொடி அத்தனை குஞ்சுகளும் சிதறி மறைந்தன. தாய் அடிக்கவில்லை. அதுவும் ஓடிவிட்டது போலிருந்தது.

எலிக்குப் பின்னால் தண்ணீர் லேசாகப் புடைத்து எழுந்தது.

பெரிய மீன் பின்தொடர்ந்தால் அப்படித்தான் எழும். அவன் நிறுத்தினான், புடைப்பும் நின்றது. இழுத்தான், அதுவும் வந்தது. அகலம் ஒரு ஆள் தோள் அகலம். அந்தக் கண்மாயில் அவ்வளவு பெரிய மீன் கிடையாது.

எலி முழுகவில்லை. தண்ணீர் அதைச் சுற்றி மெல்லக் குழிந்து, உள்ளங்கையில் வாங்குவது போல வாங்கிக்கொண்டது.

நூல் கனத்தது.

லாசர் கம்பை உயர்த்தினான். எதிரில் உதறல் இல்லை, துள்ளல் இல்லை. நூல் மெதுவாக இடப்பக்கம் போயிற்று. பிறகு வலப்பக்கம். மறுபடி இடம். மறுபடி வலம். ஒரே சீராக, அவசரமே இல்லாமல்.

இந்த ஆட்டம் தனக்குத் தெரிந்ததாயிற்றே என்று தோன்றியது. எங்கே பார்த்தோம் என்று ஒரு கணம் யோசித்தான்.

தொட்டில்.

கம்பின் வழியாக உள்ளங்கைக்குள் ஒரு நடுக்கம் ஏறியது. அது ஏறி இறங்கியது. இழுத்து முடிந்து மறுபடி தொடங்கியது. காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் யாரோ வாய்க்குள் பாடுவதைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தான் லாசர்.

“யேசுவே…” என்றான்.

கம்பைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் அந்த முனையில் இருப்பது அவன் பிள்ளையின் முடி. அதை இவளிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது? ‘இவள்’ என்று தான் நினைத்துவிட்டதைக் கவனித்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ தெரியாது. மெல்ல மெல்லக் கனம் குறைந்தது. தூங்கிய குழந்தையை இறக்கி விடுவது போல, தண்ணீர் எலியை விட்டது.

நூலைச் சுற்றி இழுத்தான்.

எலி வந்து காலடியில் கிடந்தது. அதை எடுத்தவன் விதிர்விதிர்த்துப் போனான். வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் இருந்த முள்ளைக் காணோம். ஒடியவில்லை, நிமிரவில்லை, பிள்ளைக்குக் குத்திவிடக் கூடாதென்று உருவி எடுத்ததுபோல் கார்க்கில் சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. எலியின் இடுப்பில், இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு கட்டியிருந்தது.

வெயில் பொறுக்காமல் வீட்டுக்குத் திரும்பி, அவனைக் காணாமல் தேடி வந்த சோணை, கரையில் உட்கார்ந்திருந்தவனைத் தோளைப் பிடித்து உலுக்கினான். எலியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

“அண்ணே, அத இங்கயே போட்டுட்டு எந்திரிங்க.”

“யாரு மாப்ள அது?”

சோணை தண்ணீரைப் பார்க்காமல் கிசுகிசுத்தான். “மலையம்மான்னு ஒருத்தி. பஞ்சத்துக்கு மறு வருசம். அந்தக் கருவேல மரத்துல பிள்ளைக்குத் தூளி கட்டிப்போட்டுட்டு களை எடுக்கப் போனா. மரத்துல நெழலு எம்புட்டு நேரம் நிக்கும்? உச்சிக்கு வந்து பாத்தா பிள்ளை வெயில்ல சுருண்டு செத்துக் கெடக்கு. மார்ல பால் கட்டிக்கிட்டு, தாங்க முடியாம, அப்படியே தண்ணிக்குள்ள நடந்து போயிட்டா. அண்ணே, போட்டுருங்க அத.”

“எம்பிள்ளை முடிடா இது.”

சோணையின் முகம் வெளுத்துப்போனது. லாசரை எழுப்பி, தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் பஸ் நிறுத்தம் வரை இழுத்துக்கொண்டு போனான்.

லாசர் எலியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதை அங்கே விட அவனுக்கு மனம் துணியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் வழிநெடுக அந்தப் பை நனைந்தபடியே இருந்தது.

வீட்டில் காலடி வைத்தபோது சூசை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். முனகல் இல்லை. வயிறு மெத்தென்று ஏறி இறங்கியது. பாக்கியம் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எப்பருந்து தூங்குறான்?”

“பன்னெண்டு மணி இருக்கும். அழுதுக்கிட்டே இருந்தான். சட்டுனு அடங்கிட்டான்” என்றாள் திரும்பாமல்.

“மீன் கெடைக்கல பாக்கியம்.”

“பரவால்லங்க.”

பரவாயில்லையாமே! காலையில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, எங்கேயாவது போய் ஒரு மீன் கொண்டு வாருங்கள் என்று கதறியவள். லாசர் குனிந்து பார்த்தான். பிள்ளையின் கடைவாயில் பால் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. தொட்டிலுக்குக் கீழே தரை ஈரம். பாசி வாசனை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. பதினொன்றே முக்காலுக்கு எலியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். தணலில் போடக் கையை ஓங்கியபோது பாக்கியம் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். நோஞ்சான் கையில் அத்தனை பலம்.

“எரிச்சிராதீங்க.”

“இது என்னன்னு ஒனக்குத் தெரியாது.”

“தெரியும்ங்க. இவன் முடி. அந்தப் பாசி வாசனைதான் நேத்தும் வந்துச்சு.” அவள் குரல் இறங்கியது. “நேத்து நான் படுத்திருந்தேன். இவன் அழுது அழுது ஓஞ்சு போயிட்டான். உசுரு போகப்போகுதுன்னே நெனச்சேன். ஈரமா ரெண்டு கை வந்து எங்கிட்டருந்து வாங்குச்சு. முகம் தெரியல. நான்… நான் குடுத்துட்டேன்ங்க.”

“அடிப் பாவி!”

“ஆமா, பாவிதான். எம்மார்ல ஒண்ணும் இல்லையே, நான் என்ன செய்ய? நீங்க கொண்டு வர்ற மீனு வர்ற வரைக்கும் இவன் இருந்திருப்பானா? சொல்லுங்க.”

ஓங்கிய கை தானாக இறங்கியது.

கூடத்துச் சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பாக்கியம் போய்ப் புழக்கடைக் கதவைத் திறந்து வைத்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, கதவோரம் பாயில் கிடத்திவிட்டு, வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவனையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. சூசை ஒரு தடவை வீறிட்டான்.

நின்றது.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. கடக்… கடக்… கடக். ஆசையாக, மூச்சு விடாமல், வாய் நிறைய விழுங்கும் சத்தம். ஏழு வருஷமாக இந்த வீட்டில் கேட்கவேண்டும் என்று அவர்கள் வேண்டிக்கொண்ட சத்தம்.

பாக்கியத்தின் கண்ணில் நீர் கொட்டியது. பயத்திலா சந்தோஷத்திலா என்று லாசருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

“பால் மறக்கடிக்கிற நாள் வருமே, பாக்கியம்,” என்று அவள் காதருகே கிசுகிசுத்தான். “அன்னைக்கு இவனத் திருப்பித் தருவாளா?”

“அன்னைக்குப் பாத்துக்கலாம்ங்க. சத்தம் போடாதீங்க, குடிக்கட்டும்.”

அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மெல்லத் தலையைத் திருப்பினான்.

பாயில் சூசை கண்களை மூடி விழுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. பால் குடிக்கும் பிள்ளைகள் அம்மாவின் கூந்தலைப் பிடித்துக்கொள்வது போல அவனுடைய சின்னக் கை காற்றில் எதையோ கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டிக்கொண்டிருந்தது.