வெறுந்தூளி

பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கரப்பான்கூட இல்லை.

விளக்குமாற்றை ஓங்கியபடி குனிந்த ரோகிணிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. மார்கழி வந்தால் அந்த ஈனப் பிறவிகள் மோட்டார் சூட்டில் கும்பலாக ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கை நக்கியே தை வரை உயிரை ஓட்டிவிடும். அவற்றைவிட ஈனம் அவள் புருஷன் ராம்கி. பெண்டாட்டி பிரசவத்துக்குப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்புகிறாள். அடுப்படியில் பரோட்டா பொட்டலங்களைக் குவித்து வைத்திருந்தான். அத்தனை சால்னாவுக்கும் ஓர் எறும்பு இல்லை. பரணில் எலி இல்லை. சுவரில் பல்லிகூட இல்லை.

மருந்தடித்தீர்களா என்று கேட்டதற்கு, எதுக்கு என்று படுக்கையறையிலிருந்து பதில் வந்தது. இந்த ஆளுக்கு அம்புட்டுச் சுறுசுறுப்பு ஏது என்று உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

நாகமலை நிழலில் வீடு சீக்கிரமே இருண்டுவிட்டது. இடுப்பில் மகள் தூங்கி வழிந்தாள். அறைக்குள் உத்தரத்துக் கொக்கி கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டது. கூடவே ஒரு வாடை. திரிந்த பாலும் கரப்பான் வீச்சமும் கலந்து, வெதுவெதுப்பாக.

கதவைத் தள்ளினாள். அவளுடைய பழைய சுங்குடிச் சேலையில் தூளி கட்டியிருந்தது. கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல அதன் அடியில் ஒரு குண்டு பல்பு. ராம்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

"வெறுந்தூளிய ஆட்டுனா பிள்ளைக்கு ஆகாதுன்னு போன்ல எம்புட்டுத் தடவ சொன்னேன்? மண்டையில என்னதான் இருக்கு உங்களுக்கு?"

"தெனம் ராத்திரி பாப்பா அழுகிறதக் கேக்கணும்னு சொல்வேன்ல," என்றான் திரும்பாமல். "போனை ஸ்பீக்கர்ல போட்டு இதுக்குள்ள வச்சுத்தான் ஆட்டுவேன். இப்ப இது வெறுந்தூளி இல்ல."

கையை எடுத்தான். தூளி நிற்கவில்லை.

சேலை கனத்துத் தொங்கியது. உள்ளே சரசரப்பு. எண்ண முடியாத இறக்கைகள் ஒன்றோடொன்று உரசின. அது சேர்ந்தது. இழைந்தது. அழுகையானது.

அவள் மகளின் அழுகை. அதே விக்கல். அதே இழுப்பு.

மகள் இடுப்பில்தான் இருந்தாள். விழித்திருந்தாள். அழவில்லை.

துணிக்குள்ளிருந்து ஐந்து சின்ன விரல்கள் சேலையை முட்டின. பல்பு வெளிச்சத்தில் அவை தனித்தனியே ஊர்ந்து கலைந்தன. மறுபடி விரல்களாயின.

"குளிருதாம்," என்றான் ராம்கி. "மடியில போட்டுக்க."

மகள் சிரித்தாள். இரண்டு கைகளையும் தூளியை நோக்கி நீட்டினாள்.