ஏழாவது மூச்சு

சைரன் நிற்கவில்லை.

தேர்வாய் கண்டிகையில் அந்தக் கம்பெனியின் டீ பிரேக் முடியும்போது சைரன் சரியாகப் பத்து விநாடி அடிக்கும். ஆறு வருடமாகக் கார் பம்பர்களில் கீறல் தேடும் வேலையில் இருக்கும் சுகிர்தாவுக்கு அந்தப் பத்து விநாடி உடம்பிலேயே ஊறியிருந்தது. எழுந்து, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டி, தொப்பியை மாட்டிக்கொண்டு மூன்றாவது லைனைப் பார்த்து முதல் அடி வைக்கும்போது சத்தம் அறுபடும். இன்று எழுந்துவிட்டாள். தட்டிவிட்டாள். மாட்டிவிட்டாள். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

காதில் செல்போன். மறுமுனையில் அவள் கணவன் பீட்டர். சைரன் தொடங்கிய அதே நொடியில்தான் அழைத்தான். "சுகி, புள்ள..." என்றான். மீதியைச் சைரன் விழுங்கிவிட்டது.

கேட்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை. பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள். சைரன் நிற்கட்டும், அவனே மறுபடி சொல்வான்.

ஐந்து வயது மகன் அன்புவுக்கு விடிகாலையிலிருந்தே இழுப்பு. அவனுடைய இன்ஹேலரோ அவள் கைப்பையில். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது போட்டது. காலை அவசரத்தில் எடுத்து வைக்க மறந்துபோனாள். கும்மிடிப்பூண்டியில் வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையில் அந்த மருந்து தீர்ந்துவிட்டதாகப் பீட்டர் மதியமே சொல்லியிருந்தான். நாலு மணிக்குக் கேட் பாஸ் தருவதாகச் சொன்னார் சூப்பர்வைசர் முரளி. பிரேக் விட்டபோது மூன்று நாற்பது. இருபது நிமிடத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் அவள் கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவதைத் தோழி சோனியா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இப்டி தவிக்கிற? விக்டோரியா மேடம் குடுத்த அந்த ட்ரூயிட் பாடத்தப் போட்டுக் கேளு. மனசு அடங்கும்."

மன அழுத்த வகுப்பில் ஹெச்.ஆர். விக்டோரியா எல்லோர் போனிலும் ஏற்றிவிட்ட ஆடியோ அது. ட்ரூயிட் என்றால் பழைய காலத்தில் வெள்ளைக்காரர் நாட்டுக் காடுகளில் மரங்களைத் தொழுத பூசாரிகளாம். மரத்துக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. இந்த நொடி மட்டும்தான். அதனோடு சாய்ந்து அதைப்போலவே இருக்கப் பழகுவதுதான் பாடம்.

"சர்ச்சுல பாஸ்டருக்குத் தெரிஞ்சா பேஜாரு" என்றாள் சுகிர்தா.

"ஆபீஸ் ஆர்டர்னு சொல்லு. எங்க தெருவுல மரத்துக்கு மஞ்சத்துணி கட்டுனா பட்டிக்காடு. அதையே வெள்ளக்காரன் பண்ணா வெல்னஸ்ஸு. போ, போய்க் குந்திக்கினு மூச்சு வுடு. நான் டீ வாங்கியாறேன்."

சிப்காட் தொழிற்பேட்டைக்காக வெட்டிய காட்டில் தப்பிய ஒரே ஒரு புங்கமரம் காம்பவுண்டு ஓரத்தில் நின்றது. அடியில் பொரி கொட்டினாற்போலப் பூக்கள். சாய்ந்து உட்கார்ந்தாள். ஆடியோவில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. ஒன்பது மூச்சு. ஒன்பதும் முடிந்து, மரத்தை உள்ளங்கையால் தொட்டு விடைபெற்ற பிறகே எழ வேண்டும். பாதியில் எழ வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள்? இங்கே. எப்போது? இப்போது.

ஏழாவது மூச்சை இழுத்தாள். சைரன் அடித்தது. அவள் நினைக்கும் முன்பே அவள் கால்கள் எழுந்துவிட்டன.

அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவள் கண்ணுக்கு நேரே ஒரு புங்கம்பூ இருந்தது. கிளையில் அல்ல. கிளைக்கும் தரைக்கும் நடுவில், நூலும் இல்லாமல் காம்பும் இல்லாமல், வெயிலில் தன் சிறிய நிழலைத் தரையில் விட்டபடி. சிலந்தி வலை என்று நினைத்துக் கையை அதன் மேலாக வீசினாள். கையில் எதுவும் சிக்கவில்லை. பூவும் அசையவில்லை.

பத்தடி தள்ளி சோனியா இரண்டு பேப்பர் கப்புகளோடு வந்துகொண்டிருந்தாள். வந்துகொண்டேயிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். ஒரு கப்பில் தளும்பிய டீ விளிம்பைத் தாண்டி, நாக்கு நீட்டியது போல, பழுப்பாக நீண்டு நின்றது.

சுகிர்தா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பாஸ் வேண்டாம், வேலையும் வேண்டாம். கேட். ஷேர் ஆட்டோ. அரை மணி நேரம். அன்பு.

கேட்டருகே செக்யூரிட்டி லோகநாதன் சைரன் பட்டனில் கட்டைவிரலை வைத்தபடி நின்றிருந்தார். அண்ணே, கைய எடுங்க என்று கத்தினாள். உதடுதான் அசைந்தது. விரலைப் பிடித்து இழுத்தாள். சூடாக இருந்தது. ஆனால் வேர் விட்டிருந்தது போல இறுகியிருந்தது. அவர் மீசையில் ஒரு ஈ. அதன் இறக்கை தனித்தனியாகத் தெரிந்தது.

பெரிய கேட்டில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இருந்த திட்டிக் கதவு திறந்தேயிருந்தது. வெளியே தார் ரோடு, ஒரு லாரி, வெயில். குனிந்து அடி வைத்தாள்.

காலடியில் பூ நசுங்கியது.

புங்கமரம். அதே நிழல். பத்தடியில் சோனியா. கண்ணெதிரே அந்தப் பூ.

மறுபடி ஓடினாள். மறுபடி பூ.

மூன்றாம் முறை.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு ஓடியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சே வாங்கவில்லை. குரல் வராததும் அதனால்தான். ஏழாவது மூச்சு இன்னும் நெஞ்சுக்குள் இருந்தது. இழுத்தது இழுத்தபடி.

விட்டால் போதும்.

வழி அவ்வளவு சுலபமாக இருந்ததில் அழுகை முட்டியது. உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். உள்ளங்கையை வேர்மேல் வைத்தாள். விடைபெற்றுக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டால், பூ விழும், டீ சிந்தும், சைரன் நிற்கும்.

பீட்டர் பேசி முடிப்பான்.

கை அங்கேயே நின்றது.

"சுகி, புள்ள..."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பீட்டர் அப்படி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறான். மூன்று வருடம் முன்பு, அவள் அண்ணன் செத்த அன்று, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. "சுகி, அண்ணன்..." என்றான். மீதி இரண்டு சொல்.

போனைக் காதில் அழுத்தினாள். சைரனுக்கு அடியில் எதையாவது தேடினாள். ஒரு விசில். ஒரு இழுப்பு. காலையெல்லாம் கேட்ட அந்தச் சத்தம்.

இல்லை.

அன்பு மூச்சை இழுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறானா. விட்டுவிட்டு நின்றுவிட்டதா. தெரியாது. அடுத்த நொடிக்குத்தான் தெரியும்.

இந்த நொடியில் அது இன்னும் நடக்கவில்லை.

இங்கே. இப்போது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

முதுகில் ஏதோ அசைந்தது. அந்த வளாகம் முழுவதிலும் அசைந்தது அது ஒன்றுதான். பட்டை. மெல்ல. சொரசொரப்பாக. தோளைச் சுற்றி வந்தது. போன் பிடித்த விரல்களைக் காதோடு சேர்த்து மூடியது. குளிர்ந்திருந்தது. தாடைக்கு ஏறியது.

நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. பல்லுக்கிடையில் ஒரு நூல் காற்று தப்பியது.

கண்ணெதிரே பூ ஒரு மயிரிழை இறங்கியது.

சுகிர்தா முகத்தைத் திருப்பினாள். தாடைக்கு வந்த பட்டைக்குத் தன் உதடுகளைத் தானே கொடுத்தாள்.